ஸ்ஃபிக்மோமனாமிட்டர்: வாயில் நுழையாத சொல்லை எப்படிப் பழகினீர்கள்?

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங் சேர்ந்தவள் நான். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வார்டில் எல்லோரும் பி.பி. அப்பரேட்டஸ் என்றுதான் சொல்வார்கள், அதனால் அந்தக் கருவியின் முழுப்பெயரைச் சொல்லும் தேவையே வரவில்லை, செய்முறைத் தேர்வு வரைக்கும். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் பாதரசக் கருவியைக் காட்டிப் பெயர் கேட்டார். "இஸ்பிக்மோ" என்று தொடங்கி அதோடு நின்றுவிட்டேன். கண் கலங்கிவிட்டது. அவர் திட்டவில்லை, ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்: ஸ்ஃபிக் - மோ - ம - னா - மிட் - டர். ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து, ஆறே அசை.

முதல் சிக்கல் ஆரம்பத்திலேயே. தமிழில் சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது, அதனால்தான் ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது. "ஸ்ஸ்" என்று காற்றை மட்டும் விட்டு, அப்படியே மேல் பல்லைக் கீழுதட்டில் வைத்து "ஃபிக்" சொன்னால் அந்த 'இ' ஓடிவிடும். அடுத்தது நான் உடைத்த இடம். ஸ்ஃபிக்மோஸ் என்றால் கிரேக்கத்தில் நாடித்துடிப்பு, மீதி மானோமீட்டர், அதாவது அழுத்தமானி. பொருளைப் பார்த்து மானோ, மீட்டர் என்று பிரித்துச் சொன்னேன், ஆனால் ஆங்கிலத்தில் குரல் ஓங்குவது 'னா'வில். தெர்மாமிட்டர் சொல்லிப் பாருங்கள், அங்கேயும் 'மா'தான் ஓங்கும். அதே தாளம்தான் இதற்கும்.

—

அக்கா, இதைத்தான் எங்கள் தமிழய்யா வகையுளி என்பார். குறளைச் சீர் பிரிக்கும்போது பொருளைப் பார்க்காமல் ஓசைக்காகச் சொல்லை நடுவில் உடைப்போமே, அதுதான். ஆங்கிலச் சொல்லையும் அப்படி அலகிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் லேப் டெக்னீஷியன், இன்றைக்கே எல்லாச் சொல்லையும் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

—

என் அனுபவம் வேறு மாதிரி. அப்பாவை அழைத்துக்கொண்டு ஈ.என்.டி. டாக்டரிடம் போயிருந்தேன், சுவரில் இருந்த சான்றிதழில் ஒரு நீளச் சொல், காத்திருந்த ஒரு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங் குரல்வளை. நாம் சொல்லும் காது மூக்கு தொண்டை அதே வரிசையில் இருக்கிறது! காண்டாமிருகத்தை ரைனோ என்பதும் மூக்கில் கொம்பு இருப்பதால்தான் என்று அப்புறம் தெரிந்தது. ஓட் - டோ - ரை - னோ - லா - ரிங் - கா - ல - ஜி, ஒன்பது அசை, 'கா'வில் ஓங்க வேண்டும். 'ரிங்'குக்கு அப்புறம் 'ஜா' இல்லை, 'கா'.

—

ஆமாம், காலஜியில் முடிவதெல்லாம் அப்படித்தான், கைனகாலஜி சொல்லிப் பாருங்கள். ஜூனியர் நர்சிங் பிள்ளைகளுக்கு இப்போது நான் ஸ்ஃபிக்மோமனாமிட்டரைக் கடைசியிலிருந்துதான் சொல்லித் தருகிறேன். முதலில் னாமிட்டர், பிறகு மனாமிட்டர், அப்புறம் மோமனாமிட்டர். ஸ்ஃபிக் கடைசியாக வரும்போது யாருக்கும் நாக்கு தடுமாறுவதில்லை.