ஃபேன்டசி பேஸ்பால்: எந்தக் கேட்டகரி வைத்தால் நியாயம்? ஞாயிறு டிராஃப்ட், அவசரம்

நியூஜெர்சி_வாசி
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லீக் டிராஃப்ட், அதாவது நிஜ வீரர்களை ஆளுக்கொரு அணியாகப் பிரித்து எடுக்கும் நாள்; நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துத்தான் எங்கள் போட்டி. அதற்குள் கேட்டகரிகளை, அதாவது எந்தெந்த எண்களில் மோதுவது என்பதை, முடிவு செய்தாக வேண்டும். போன வருடம் வழக்கமான ஐந்துக்கு ஐந்துதான் (பேட்டிங்கில் ஐந்து, பிட்சிங்கில் ஐந்து). ஒருவர் குளோசர்களாக (கடைசியில் வந்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சர்கள்) அள்ளிப் போட்டுக் கோப்பையைத் தட்டிச் சென்றுவிட்டார். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. சேவ் (அவர்கள் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தால் கிடைப்பது) கேட்டகரியையே தூக்கிவிடலாமா? பேட்டிங் ஆவரேஜுக்குப் பதில் ஓபிஎஸ் (பேஸை அடையும் விகிதமும், அடியின் பலத்தைக் காட்டும் ஸ்லக்கிங்கும் சேர்ந்தது) வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

இடக்கை_பிட்சர்
எத்தனை அணி? ரோட்டோவா (சீசன் மொத்தத்துக்கும் தரவரிசை), ஹெட்-டு-ஹெட்டா (வாரம் ஒருவரோடு மோதல்)? லைன்அப் தினமும் மாற்றலாமா, வாரத்துக்கு ஒரு முறையா? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

ஹூஸ்டன்_மீனா
ஆவரேஜைத் தாராளமாகத் தூக்குங்கள். ஆனால் ஓபிஎஸ் வேண்டாம், ஓபிபி (வாக்கையும் சேர்த்துப் பேஸை அடையும் விகிதம்) வையுங்கள். 2023-இல் கைல் ஷ்வார்பர் 47 ஹோம் ரன் அடித்தார், 126 வாக் (அடிக்காமலே கிடைக்கும் பேஸ், ஆவரேஜில் சேராது) வாங்கினார், ஆவரேஜ் மட்டும் .197. அவரை எடுத்தவர்கள் அந்த ஒரு கேட்டகரியில் வருடம் முழுக்க மூழ்கிக் கிடந்தார்கள். ஓபிபி பார்த்தால் .343, நல்ல எண். ஓபிஎஸ்ஸில் ஸ்லக்கிங்கும் சேர்ந்து வருகிறது. ஒரு ஹோம் ரன் ஏற்கெனவே ஹோம் ரன், ரன், ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்கள்) மூன்றிலும் ஏறிவிடுகிறது. அதற்கே இன்னும் ஒரு பரிசு எதற்கு?

பழைய_ரோட்டோ
ஒவ்வொரு மார்ச்சிலும் இதே கேள்வி. தம்பி, டேனியல் ஒக்ரென்ட்டும் நண்பர்களும் 1980-இல் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது மொத்தமே எட்டு கேட்டகரி. நியூயார்க்கில் லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ் என்ற உணவகத்தில் கூடியதால் வந்த பெயர்தான் ரொட்டிசெரி, சுருக்கமாக ரோட்டோ. அந்த எட்டிலேயே சேவ் உண்டு. பேட்டிங் ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும்தான் பிறகு வந்தவை. குளோசரை எந்தச் சுற்றில் எடுப்பது என்று தெரியாதவர்கள்தான் விதியை மாற்றச் சொல்வார்கள். முதலில் டிராஃப்ட் செய்யப் பழகுங்கள்.

எண்கணக்கன்
சேவ் கேட்டகரியைத் தூக்க வேண்டாம், சேவ், ஹோல்ட் (முன்னிலையைக் காத்து அடுத்த பிட்சரிடம் ஒப்படைப்பது) இரண்டையும் கூட்டி ஒரே கேட்டகரியாக்குங்கள். எட்டாவது இன்னிங்ஸில் வந்து முதுகு ஒடிய உழைப்பவருக்கும் மதிப்பு கிடைக்கும். நிஜமாகவே தூக்க வேண்டியது வின் (பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றி). 2018-இல் ஜேக்கப் டிக்ராம் 217 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த எர்ன்டு ரன்) 1.70, வின் வெறும் 10. மெட்ஸ் பேட்டர்கள் ரன் எடுக்காதது அவர் குற்றமா? குவாலிட்டி ஸ்டார்ட் வையுங்கள்.

இடக்கை_பிட்சர்
குவாலிட்டி ஸ்டார்ட் என்றால் ஆறு இன்னிங்ஸ், மூன்று எர்ன்டு ரன் (ஃபீல்டிங் பிழையால் வராத ரன்) வரை. அந்த எல்லையில் நின்றால் ஈஆர்ஏ 4.50. அதில் என்ன குவாலிட்டி? இப்போதெல்லாம் நன்றாக வீசுகிறவரையே ஐந்து இன்னிங்ஸில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். அவருக்கு வின் கிடைக்கும், குவாலிட்டி ஸ்டார்ட் கிடைக்காது.

எண்கணக்கன்
எல்லைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். 2010-இலேயே ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வின், 12 தோல்வியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிவிட்டார். விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர்களே வின்னை விட்டுவிட்டார்கள்.

பழைய_ரோட்டோ
விருது வேறு, லீக் வேறு. எந்த அணி ஜெயிக்கும் என்று கணிப்பதும் ஒரு திறமைதான்.

எண்கணக்கன்
பின்னால் வரும் மாற்று பிட்சர்கள், அதாவது புல்பென், வெற்றியை நாசமாக்கப்போவதையும் மார்ச்சிலேயே கணிக்க வேண்டுமா?

ஹூஸ்டன்_மீனா
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். கேட்டவர் எங்கே?

நியூஜெர்சி_வாசி
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். 10 அணி, ஹெட்-டு-ஹெட், லைன்அப் தினமும் மாற்றலாம். போன வருடம் ஜெயித்தவர் செய்வது இதுதான்: திங்கள் அல்லது செவ்வாய் ஒரே ஒரு ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) போடுவார். அந்தப் பிட்சர் நன்றாக வீசிவிட்டால் மற்ற ஸ்டார்ட்டர்கள் எல்லோரும் பெஞ்சில். ஞாயிறு வரை ஐந்து குளோசர்களை மட்டும் ஓட்டுவார். ஃபைனலில் அவர் வீசியது 11 இன்னிங்ஸ், நான் 58. வின், ஸ்ட்ரைக்அவுட் எனக்கு. சேவ், ஈஆர்ஏ, விப் (ஒரு இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஹிட்டும் வாக்கும்) அவருக்கு. பேட்டிங்கில் அவருக்கு 3-2. மொத்தம் 6-4.

இடக்கை_பிட்சர்
இதைத்தான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் சிக்கல் சேவ் இல்லை, குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதி இல்லாததுதான்.

கணக்குப் பாருங்கள். 11 இன்னிங்ஸில் 2 எர்ன்டு ரன் கொடுத்தால் ஈஆர்ஏ 1.64. நீங்கள் 58 இன்னிங்ஸ் வீசி அதைவிடக் குறைவாக வர வேண்டுமானால் வாரம் முழுக்க 10 ரன்னுக்கு மேல் போகக் கூடாது. ஒருவர் ஒரு நாள் அடி வாங்கினாலே அதில் பாதி போய்விடும். ஈஆர்ஏவும் விப்பும் விகிதங்கள். குறைவாக ஆடுகிறவர் பதுங்கிக்கொள்ள இடம் அங்கேதான் இருக்கிறது.

வாரத்துக்கு 25 இன்னிங்ஸ் என்று வையுங்கள். தொடாதவருக்கு அந்த இரண்டு கேட்டகரியும் தோல்வி என்று எழுதிவிடுங்கள். அப்புறம் அவர் ஐந்து குளோசர் வைத்தாலும் கவலை இல்லை. ஸ்டார்ட்டர்களைப் போட்டே ஆக வேண்டும், அடியும் வாங்குவார். ஐந்து குளோசருக்காக அவர் விட்ட பேட்டர்களும் உங்கள் பக்கம் வருவார்கள்.

ஹூஸ்டன்_மீனா
வருடத்தின் நடுவில் மாற்றாமல் டிராஃப்டுக்கு முன்பே எல்லோரிடமும் ஓட்டு வாங்கிவிடுங்கள். பத்து கேட்டகரி என்றால் 5-5 வரும், அதற்கும் ஒரு டைபிரேக் இப்போதே எழுதுங்கள்.

பழைய_ரோட்டோ
இன்னிங்ஸ் விதி சரி. எங்கள் லீகிலும் உண்டு. ஓபிபி தேவையில்லை.

நியூஜெர்சி_வாசி
ஓட்டு முடிந்தது. 25 இன்னிங்ஸ் விதி 8-2. ஓபிபி 6-4-இல் வந்தது. சேவ், வின் அப்படியே. இடக்கை அண்ணா, மிக்க நன்றி. டிராஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

ஹூஸ்டன்_மீனா
ஷ்வார்பரை எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எண்கணக்கன்
வின்னை எடுக்காமலே விட்டுவிட்டீர்களே.