ஃப்ரோசன் பெட்டியில் ‘குளூட்டன் இல்லாதது’: முன்பக்கத்தை நம்புவதா, பின்பக்கத்தை நம்புவதா?

செம்பருத்தி (நியூ ஜெர்சி)
இங்கே இந்தியக் கடைகளில் விற்கும் ஃப்ரோசன் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பற்றிக் கேட்கிறேன். சாம்பார் சாதப் பெட்டி ஒன்று. முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று கொட்டை கொட்டையாகப் போட்டிருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால், சேர்பொருள் பட்டியலுக்கு அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் ‘கோதுமையும் கையாளப்படும் ஆலையில் தயாரிக்கப்பட்டது’. என் மகனுக்கு சீலியாக் நோய்; கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவன் குடலைப் பாதிக்கும். இப்படி இரண்டு வாசகங்களும் உள்ள பெட்டி எதையும் நான் வாங்குவதில்லை. மற்றவர்களும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

பழைய தரக்கட்டுப்பாடு
அம்மா, உணவு ஆலையில் தரப்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டு வாசகங்களுக்கும் முரண் இல்லை. அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. 2013இல் கொண்டுவந்த விதிப்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்டால் பொருளில் குளூட்டன் 20 பிபிஎம்முக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வரம்பு இதே 20தான். ‘கோதுமை கையாளப்படும் ஆலை’ என்பது நிறுவனம் விரும்பினால் போடும் எச்சரிக்கை. போட வேண்டும் என்று சட்டம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் ஒதுக்குவது உண்மையைச் சொன்ன பெட்டியை. வாயைத் திறக்காத பெட்டி உங்கள் கூடைக்குள் போகிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 300 கிராம் பெட்டி, வரம்பைத் தொட்டுக்கொண்டு 20 பிபிஎம் இருந்தாலும் மொத்தம் 6 மில்லிகிராம். இத்தாலியில் கடாசி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் உட்கொண்டவர்களுக்குத்தான் குடல் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது.

செம்பருத்தி
ஐயா, அந்த ஆய்வை நானும் படித்தேன். கலந்துகொண்டவர்கள் எல்லாம் பெரியவர்கள், அதுவும் சிறிய எண்ணிக்கை. தினம் 10 மில்லிகிராம் கொடுத்த பிரிவிலேயே ஒருவருக்கு நோய் திரும்பியது. அந்த ஒருவர் என் பிள்ளையாக இருந்தால் உங்கள் சராசரி எனக்கு எதற்கு?

ஊர்சுற்றி_மதுரை
அரிசி தின்று வளர்ந்த நமக்கு ஏது இந்த நோய்? வெளிநாட்டுக்காரன் விற்கும் பயம் இது. ரொட்டியை நிறுத்திவிட்டுப் பழைய சோறு சாப்பிடுங்கள்.

வேலூர்க்காரன்
மதுரைக்காரரே, பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ராமகிருஷ்ணா குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளைப் பார்த்தார்கள். தெற்கே வேலூர். சீலியாக் இருந்தது வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கு, தெற்கில் 0.10 பேருக்கு. ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு தெற்கிலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. வேறுபாடு தட்டில் இருந்தது: வடக்கில் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். தினமும் இரவு சப்பாத்தி, வார இறுதியில் பரோட்டா என்று நாம் மாறிக்கொண்டிருக்கிறோம். கேலி வேண்டாம்.

யாரா நதிக்கரை (மெல்பர்ன்)
சீலியாக் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட வேண்டுமானால் சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது. ஓட்ஸ் சேர்த்த பொருளுக்கு அந்தச் சொல்லே கிடையாது. இந்த விதியின் கீழும் கடைகளில் பெட்டிகள் நிறையத்தான் கிடைக்கின்றன. ஆகவே 20க்குக் கீழே போனால் தொழிலே நடக்காது என்ற வாதம் எடுபடாது.

பழைய தரக்கட்டுப்பாடு
தம்பி, அப்படி நான் சொல்லவில்லை. ‘பொது ஆலை’, அதாவது கோதுமையும் ஓடும் ஆலை, என்றாலே ஆகாது என்ற விதியைத்தான் எதிர்க்கிறேன். 2015இல் சீரியோஸ் என்ற காலை உணவுத் தானியம் திரும்பப் பெறப்பட்டதை நினைவுபடுத்துகிறேன். கலிஃபோர்னியாவின் லோடை ஆலையில் தயாரான சுமார் 18 லட்சம் பெட்டிகள். ரயில் சேவை தடைப்பட்டதால், குளூட்டன் இல்லாத ஓட்ஸ் மாவை ரயில் பெட்டியிலிருந்து லாரிக்கு மாற்றி ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாள்களில் கோதுமை மாவு உள்ளே புகுந்துவிட்டது. மாவு வந்த வழியில் நடந்த தவறு இது. பெட்டியின் பின்பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் தெரிந்திருக்காது.

பொது ஆலையில் என்ன செய்வார்கள்? ஈரக் கழுவலுக்குப் பிறகு, வாரத்தின் முதல் ஓட்டமாகக் குளூட்டன் இல்லாத பொருளை ஓட்டுவார்கள். கன்வேயர் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதனைப் பட்டையில் வைப்பார்கள். குளூட்டன் இருப்பதைக் காட்டும் இரண்டாவது கோடு தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டும், அன்றைய உற்பத்தி கெட்டது. அந்த இரண்டாவது கோட்டுக்காக மேலாளரிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

செம்பருத்தி
உங்களைப் போல் எல்லா ஆலையிலும் ஒருவர் நின்று திட்டு வாங்குகிறாரா? எஃப்.டி.ஏ. விதி வரம்பை வைக்கிறதே தவிர, ‘சோதித்துப் பார்’ என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. சோதித்தாலும் பல மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் என்ன பயன்? சூப் என்றால் ஒரே சீராகக் கலந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டு அப்படியா? ஒரு குழியில் சாதம், ஒரு குழியில் கூட்டு, ஓரத்தில் வடை. பக்கத்து வரிசையில் சமோசா ஓடும்போது மாவுத் தூசு பறந்து ஒரே ஒரு தட்டில் விழுந்தால் தொகுதியின் சராசரி அழகாக 5 பிபிஎம் என்று வரும். அந்தத் தட்டு யார் வீட்டுக்குப் போகும்? மைக்ரோவேவ் சூட்டில் குளூட்டன் அழியாது, உறைய வைத்தாலும் அழியாது.

பழைய தரக்கட்டுப்பாடு
சீராகக் கலக்காத பொருளில் சராசரி ஏமாற்றும் என்பது சரி. அதற்குத்தான் மூன்றாம் தரப்புச் சான்று. ஜி.எஃப்.சி.ஓ. என்ற சான்று அமைப்பின் முத்திரைக்கு வரம்பு 10 பிபிஎம், ஆலைத் தணிக்கையும் உண்டு. முத்திரை இருந்தால் பொது ஆலையானாலும் என் பேத்திக்குத் தயங்காமல் கொடுப்பேன்.

அஞ்சறைப்பெட்டி
எல்லோரும் ஆலைக்குள்ளேயே நிற்கிறீர்கள். சாம்பார் சாதம் என்றீர்களே, பெருங்காயம் எங்கிருந்து வந்தது? என் அலமாரியில் சென்னையிலிருந்து வந்த டப்பாவைப் படிக்கிறேன்: பிசின், கோதுமை மாவு, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் இது வழக்கம். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது, தேட வேண்டும். ஃப்ரோசன் பெட்டிக்குப் பயந்து வீட்டில் ரசம் வைத்து, அதில் இந்தப் பெருங்காயத்தைப் போடுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பழைய தரக்கட்டுப்பாடு
அருமையான இடத்தைத் தொட்டீர்கள். கோதுமை மாவு சேர்த்த பெருங்காயத்தைச் சேர்பொருளாகப் போட்டால், இறுதி அளவு 20க்குக் கீழே இருந்தாலும் அமெரிக்காவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட முடியாது. 2004ஆம் ஆண்டின் ஒவ்வாமைச் சட்டப்படி கோதுமை என்று வெளிப்படையாக எழுதவும் வேண்டும். பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பது வேறு கதை.

செம்பருத்தி
எழுத வேண்டும் என்பது சட்டம். மசாலாப் பொடியை வெளியிலிருந்து வாங்கும் நிறுவனத்துக்கு, அந்தப் பொடிக்குள் எந்தப் பெருங்காயம் என்று தெரியுமா? நான் மின்னஞ்சலில் கேட்டேன். ‘எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் உரிய விதிகளுக்கு உட்பட்டவை’ என்று பதில் வந்தது. கேட்டது பெருங்காயத்தை, வந்தது விதிமுறை.

பழைய தரக்கட்டுப்பாடு
அது வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் அச்சுப் பதில். தரப்பிரிவுக்கு என்று குறிப்பிட்டு, பெட்டியின் தொகுதி எண்ணுடன் எழுதுங்கள். இறுதிப் பொருளைச் சோதித்தீர்களா, தட்டுத் தட்டாகவா கலந்தா, மசாலா வழங்குநரிடம் குளூட்டன் அறிக்கை வாங்கினீர்களா என்று கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் ஆலையில் இந்தத் தாள்கள் கோப்பில் தயாராக இருக்கும்.

செம்பருத்தி
இன்றே எழுதுகிறேன் ஐயா. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். அதுவரை அந்தப் பெட்டி கடையிலேயே இருக்கட்டும், முத்திரை இருந்தாலும் சரி.