பென் டிரைவுக்கு ஒரு ஐஎஸ்ஓவா, பத்து ஐஎஸ்ஓவா?

தூண்டில்
என்னிடம் ஆறு பென் டிரைவ்கள் இருந்தன. இயங்குதளம் நிறுவுவதற்காக ஒன்றில் டெபியன் லினக்ஸ், ஒன்றில் லினக்ஸ் மிண்ட், ஒன்றில் விண்டோஸ் 11. ஒட்டிய சீட்டுகள் உரிந்துபோய், எது எதுவென்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பேன். இப்போது ஒரே 64 ஜிபி டிரைவில் வென்டாய் என்ற பூட் மென்பொருளை நிறுவிவிட்டு, ஐஎஸ்ஓ கோப்புகளை (ஓர் இயங்குதளத்தின் நிறுவல் வட்டு முழுவதும் ஒரே கோப்பாக) அப்படியே நகலெடுத்துப் போடுகிறேன். கணினி அந்த டிரைவிலிருந்து பூட் ஆனதும் (தொடங்கியதும்) பட்டியல் வருகிறது, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறேன். மிச்ச இடத்தில் மற்ற கோப்புகளையும் வைத்துக்கொள்கிறேன். இன்னமும் ஐஎஸ்ஓவுக்கு ஒரு டிரைவை அழித்து அழித்து எழுதுகிறவர்கள் எதற்காக அப்படிச் செய்கிறார்கள்?

பழையவிசை
நான் அப்படிச் செய்கிறவன்தான் தம்பி, காரணம் சொல்கிறேன். இயங்குதளம் நிறுவும் நேரத்தில் கணினியின் முழு அதிகாரமும் அந்த டிரைவிடம் இருக்கிறது. அதனால் எனக்கும் டெபியனுக்கும் நடுவே மூன்றாவது ஆள் வேண்டாம் என்கிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டு நுழைவழி) பிடிபட்டதே, அது சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் இருந்த, மனிதர் படித்துப் பார்க்க முடியாத பைனரிகளுக்குள்தான் ஒளிந்திருந்தது. அதன் பிறகு வென்டாய் மூலநிரலுக்குள் ஏற்கெனவே தொகுத்து வைத்த பைனரிகள் ஏன் இத்தனை கிடக்கின்றன என்று பலரும் கேட்டார்கள். அங்கே பின்கதவு இருப்பதாக நான் சொல்லவில்லை. நானே சரிபார்க்க முடியாத ஒன்றை ஏன் நடுவில் வைக்க வேண்டும்? லினக்ஸின் டிடி கருவியில் ஒரே கட்டளை, ஐஎஸ்ஓவில் இருக்கும் பைட்டுகள் அப்படியே டிரைவில் இறங்கும்.

தூண்டில்
2016 பிப்ரவரியில் லினக்ஸ் மிண்டின் இணையதளத்தையே ஊடுருவி, பதிவிறக்கச் சுட்டியைக் கெட்ட ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அதை இறக்கியவருக்கு உங்கள் டிடி என்ன செய்திருக்கும் ஐயா? பின்கதவையும் ஒரு பிட் பிசகாமல் எழுதிக் கொடுத்திருக்கும்.

பழையவிசை
எழுதியிருக்கும். அதனால்தான் எழுதுவதற்கு முன், ஐஎஸ்ஓவைத் தயாரித்தவர்கள் இட்ட ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பதிவிறக்கப் பக்கத்திலேயே போட்டிருக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை மட்டும் ஒப்பிடுவது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவது போன்றது. ஐஎஸ்ஓவை மாற்றத் தெரிந்தவனுக்கு அந்த எண்ணை மாற்றத் தெரியாதா?

தூண்டில்
கையொப்பம் சரியாக இருக்கும் ஐஎஸ்ஓவை வென்டாயில் போட்டாலும் அதே கையொப்பம்தானே?

பழையவிசை
ஐஎஸ்ஓவுக்கு உண்டு. அதைத் தூக்கி நிறுத்தும் வென்டாயின் பூட்லோடருக்கு?

நடுராத்திரி
இரண்டு பேரும் நம்பிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். கைதவறுவதைப் பற்றி நான் பேசுகிறேன். டிடியில் எஸ்டிபி (பென் டிரைவ்) என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ (கணினியின் வட்டு) என்று அடித்து, நான்கு வருடப் படங்கள் இருந்த வட்டின் தலையில் உபுண்டுவை எழுதியவன் நான். 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை அது கேட்கவில்லை. இப்போதெல்லாம் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிரைவின் அளவை இரண்டு முறை பார்க்காமல் என்டர் விசையைத் தொடுவதில்லை.

இன்னொன்று. கட்டளை முடிந்ததாகத் திரை சொல்லும், ஆனால் பாதித் தரவு இன்னும் நினைவகத்திலேயே நிற்கும். அப்போது டிரைவைப் பிடுங்கினால் நிறுவல் நடுவழியில் படிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். நாமோ ஐஎஸ்ஓவைத் திட்டிக்கொண்டிருப்போம். எழுதியதும், மிச்சத் தரவையும் டிரைவில் இறக்கும் 'சிங்க்' கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பழையவிசை ஐயாவுக்கு ஒரு கேள்வி: விண்டோஸ் ஐஎஸ்ஓவையும் டிடியில்தான் எழுதுகிறீர்களா?

பழையவிசை
விண்டோஸுக்கு டிடி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் குறுந்தட்டாகவும் வட்டாகவும் இரண்டு வேடத்திலும் பூட் ஆகும்படி தயாரிக்கப்படுகின்றன. விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படியில்லை. டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மேட் செய்து கோப்புகளை நகலெடுக்கலாமென்றால், விண்டோஸையே அடக்கி வைத்திருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பு பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. ஃபேட்32இல் ஒரு கோப்பு அந்த அளவுக்கு மேல் போக முடியாது. விம்லிப் என்ற கருவியைக் கொண்டு அதைத் துண்டு போட்டு வைப்பேன்.

தூண்டில்
பூட் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் இருக்கும்போது எதற்கு இந்தத் தவம்? அது, பெரிய கோப்புகளையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் (டிரைவின் ஒரு பகுதி) கோப்புகளை வைத்து, கணினியைத் தொடக்கும் யூஈஎஃப்ஐ நிரல் அதைப் படிப்பதற்காகப் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பார்ட்டிஷனையும் வைத்துவிடுகிறது. அந்தக் குட்டிப் பார்ட்டிஷனும் உங்கள் கணக்கில் மூன்றாவது ஆள்தானே?

பழையவிசை
அதனால்தான் துண்டு போடுகிறேன்.

புதுவரவு
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என்னிடம் ஒரே ஒரு மடிக்கணினி, ஒரே ஒரு பென் டிரைவ். விண்டோஸை எடுத்துவிட்டு மிண்ட் போட வேண்டும். எனக்கு எது?

தூண்டில்
வென்டாய். நாளைக்கு மிண்ட் பிடிக்காவிட்டால் இன்னொரு ஐஎஸ்ஓவைப் போட்டுப் பார்க்கலாம்.

பழையவிசை
புதியவருக்கு அதைச் சொல்லாதீர்கள். நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வென்டாய் முதன்முறை சாவியைப் பதிவுசெய்யச் சொல்லி ஒரு நீலத்திரையைக் காட்டும். பயந்துபோய் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவார். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருந்தால், அடுத்த முறை விண்டோஸுக்குள் போகும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். படங்களை இன்னும் நகலெடுக்கவில்லையென்றால் என்ன ஆகும்?

தூண்டில்
ஒரு முறை பதிவுசெய்தால் முடிந்துபோகும் விஷயம். ஆனாலும் ஒரே கணினிக்கு ஒரே முறை என்றால், சரி, ரூஃபஸில் எழுதட்டும். என் வாதம் வாரத்துக்கு நான்கு கணினியைத் திறக்கிறவர்களுக்குத்தான்.

பழையவிசை
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன்.

புதுவரவு
ரூஃபஸில் எழுதிவிட்டேன், கையொப்பமும் சரியாக இருந்தது. படங்களையும் வெளியே எடுத்துவிட்டேன். ஆனால் டிரைவைச் செருகிக் கணினியை அணைத்துப் போட்டால் பழைய விண்டோஸ்தான் வருகிறது. பூட் பட்டியலுக்காக எஃப்12 அழுத்தியும் பலனில்லை.

நடுராத்திரி
எஃப்12 எல்லாக் கணினிக்கும் பொது அல்ல; சிலவற்றில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். விசையைத் தேட வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே ஷிஃப்டை அழுத்தியபடி 'மறுதொடக்கம்' கொடுங்கள். வரும் நீலத்திரையில் சாதனத்தைப் பயன்படுத்தும் தெரிவு இருந்தால், அதில் உங்கள் டிரைவின் பெயர் தெரியும்.

புதுவரவு
வந்துவிட்டது. இப்போது வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கிறது.

நடுராத்திரி
வட்டின் அளவை இரண்டு முறை பாருங்கள்.