களிமண் தட்டுச் சுடுதலுக்கு எந்தத் தோட்டா வாங்கலாம்?

லெஸ்டர் நர்ஸ்:
வணக்கம். எனக்கு ஷாட்கன் சான்றிதழ் வந்துவிட்டது. இதுவரை பயிற்சியாளர் கொடுத்த தோட்டாக்களைத்தான் சுட்டேன்; இனி நானே வாங்க வேண்டும். என் துப்பாக்கி மேலும் கீழுமாகக் குழல் வைத்த 12 போர் (போர் என்பது குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறியது). கடைக்குப் போனால் 21 கிராம், 24, 28 என்கிறார்கள். ஏழரை, எட்டு, ஒன்பது என்கிறார்கள். ஃபைபர், பிளாஸ்டிக் என்கிறார்கள். கடைக்காரர் வேகமான 28 கிராம் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் ஒல்லியான ஆள், 50 தட்டு சுட்டாலே தோள் வலிக்கிறது. பெரும்பாலும் பல கோணங்களில் தட்டு பறக்கும் ஸ்போர்ட்டிங், எப்போதாவது அரைவட்டத்தில் நின்று சுடும் ஸ்கீட். ஓய்வு பெறும் சக ஊழியர் ஒருவர் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் தருகிறேன் என்கிறார். அதற்கும் இதே தோட்டா போதுமா?

யார்க்‌ஷயர் ராஜா:
தங்கச்சி, அந்த 28 கிராம் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும்.

முதலில் உங்கள் மைதானத்தில் ஃபைபர் மட்டும்தானா என்று கேளுங்கள். தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ரவை என்கிற சிறு குண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பைத்தான் வாட் என்கிறோம். பிளாஸ்டிக் வாட் சுட்ட இடத்தைச் சுற்றி வயலில் விழுந்து கிடக்கும், மக்காது. பக்கத்தில் ஆடு மாடு மேய்கிற நிலமென்றால் பல மைதானங்கள் அனுமதிப்பதே இல்லை. ஃபைபரில் ரவை கொஞ்சம் அதிகமாக விரியலாம். ஸ்போர்ட்டிங் தூரத்துக்கு அது பெரிய குறையில்லை.

அடுத்தது எடை, அதாவது ஒரு தோட்டாவுக்குள் இருக்கும் ரவையின் மொத்த எடை. போட்டிகளில் 28 கிராம் உச்ச வரம்பு. ஒலிம்பிக்கில் 24 கிராம்தான். உலகத்தின் சிறந்த சுடுநர்களே 24 கிராமில் தட்டை உடைக்கும்போது நமக்கு எதற்கு 28? எட்டாம் எண் ரவை 28 கிராமில் ஏறத்தாழ 440 இருக்கும், 24 கிராமில் 380. அந்த 60 ரவைக்காகத் தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வலி வரும் என்று உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கினால், விசையை இழுக்கும்போதே கன்னம் கட்டையை விட்டு எழும். அப்புறம் எந்தத் தோட்டாவும் உதவாது. 21 கிராமும் வாங்கிப் பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் சிலவற்றில் அது சரியாக இயங்காது, உங்கள் துப்பாக்கியில் அந்தச் சிக்கல் இல்லை.

வேகத்தைப் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். நொடிக்கு 1350 அடிக்கும் 1450 அடிக்கும் உள்ள வித்தியாசம், 35 கெஜத்தில் குறுக்கே பறக்கும் தட்டுக்கு முன்னால் விடும் இடைவெளியில் சில அங்குலம்தான். ரவைக் கூட்டமே சுமார் 30 அங்குல அகலத்துக்கு விரிந்து போகிறது. அதிக வேகம் நிச்சயமாகத் தருவது அதிக உதையைத்தான்.

ரவை அளவுக்கு எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கீட்டுக்கு ஒன்பது நன்றாகவே இருக்கும், அங்கே தூரம் குறைவு. 40 கெஜத்தைத் தொடும் தட்டுகள் அதிகம் என்றால் ஏழரை. இங்கே எண் கூடினால் ரவை சிறியது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரேயடியாக 250 உள்ள பெட்டி வேண்டாம். 25 வீதம் இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டு, தோளுக்கு ஒத்துவந்த ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

பழைய குழல்:
ராஜா அண்ணன் விட்டதை நான் சொல்கிறேன், இது பாதுகாப்பு விஷயம். அந்த இரட்டைக்குழலின் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், 65 மில்லிமீட்டர் நீளமாக இருக்கலாம். தோட்டாவில் அச்சிட்டிருக்கும் நீளம் சுட்டு முடிந்து வாய் விரிந்த பிறகான நீளம். அதனால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள்ளும் சுலபமாக உள்ளே போய்விடும், சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று நம்பிவிடாதீர்கள். துப்பாக்கி சீர்செய்பவரிடம் கொடுத்து, குழலைச் சோதித்துக் குத்திய முத்திரைகளையும் குழல் சுவரின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியும் வரை அதில் ஒரு தோட்டாவும் போட வேண்டாம்.

லெஸ்டர் நர்ஸ்:
இருவருக்கும் மிக்க நன்றி. மைதானத்தில் கேட்டேன், ஃபைபர் மட்டும்தானாம். ஈய ரவையை விட்டு எஃகு ரவைக்கு இப்போதே மாறிவிடவா? மகளுக்கு 20 போர் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

யார்க்‌ஷயர் ராஜா:
ஈய ரவைக்குத் தடை வருவதை 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது, மாற மூன்று ஆண்டு அவகாசம். அதனால் இன்றே அவசரம் இல்லை. எஃகு கடினமானது, குழலைக் காக்க ரவையைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி வாட் வேண்டும். பிளாஸ்டிக் கூடாத மைதானத்தில் மக்கும் வகையாகத்தான் வாங்க வேண்டும். பழைய இரட்டைக்குழலில் எஃகைப் போடவே போடாதீர்கள்.

20 போர் வாங்கினால் இரண்டு தோட்டாவும் ஒரே பையில் சேரவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி, அறையைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போருக்கு மஞ்சள் நிற உறை வைத்திருப்பதே அதற்காகத்தான். மகளுக்குத் தனிப் பை கொடுங்கள், வீட்டுக்கு வந்ததும் இரண்டு பைகளையும் நீங்களே காலி செய்து பாருங்கள்.