அடிபட்டால் யார் வந்து பார்ப்பார்கள்? சேசு சபைக் கல்லூரி மைதானங்களில் நாம் பார்த்தது

பாபநாசம் கபடிக்காரன்:

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்க வந்தான். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, மேட் கிரவுண்டு இருக்கிறதா, யுனிவர்சிட்டி டீமுக்குப் போக முடியுமா என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "உனக்கு அடிபட்டா அந்தக் காலேஜ்ல யாரு வந்து பாப்பாங்கன்னு மொதல்ல விசாரி தம்பி" என்றேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று அவன் முகமே மாறிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

நான் படித்தது சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் சாமியார்கள் நடத்தும் ஒரு கல்லூரியில். எங்கள் குலதெய்வம் அய்யனார். கல்லூரிக்குப் போகும்வரை எங்கள் குடும்பத்தில் யாரும் கோயிலுக்குள் மெழுகுவர்த்தி பார்த்ததில்லை. கபடியில் நான் பாட்டுக்காரன், அதாவது எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போகிறவன். இரண்டாம் வருடம் இன்டர் காலேஜ் அரையிறுதியில் பாடிப் போனபோது, கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் ஒன்பது மாதம் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றார்கள்.

எனக்கு அன்றைக்கு வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கபடி ஆடுகிறேன் என்பதற்காகத்தான் ஹாஸ்டல் ஃபீஸில் சலுகை. ஆடமுடியாதவனுக்கு எதற்குச் சலுகை? அப்பாவிடம் இருந்தது ஒன்றரை ஏக்கர், அதுவும் குத்தகை நிலம்.

மூன்றாம் நாள் வார்டன் ஃபாதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் பழம் ஒன்றும் இல்லை, இரண்டு நோட்டுதான் இருந்தது. நான் போகாத வகுப்புகளின் பாடத்தை என் பக்கத்து பெஞ்சுக்காரனை உட்காரவைத்து எழுத வாங்கி வந்திருந்தார். "ஃபீஸைப் பத்தி நீ யோசிக்காத, அதை நான் பேசிட்டேன்" என்றார். எங்கள் அம்மா அவரைப் பார்த்து, "சாமி, இவன் காலு பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டது. எல்லோரும் ஆயிடும் ஆயிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மட்டும் "தெரியலம்மா" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு ஒரு கதை சொன்னார்.

1521-ஆம் ஆண்டு மே மாதம், ஸ்பெயின் நாட்டில் பாம்ப்லோனா என்ற கோட்டை. பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டு ஒரு வீரனின் காலை நொறுக்கியது. எலும்பைச் சேர்த்தது கோணலாகிவிட்டது, ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பூட்ஸ் போட்டால் அழகாக இருக்காதே என்று அதை அறுக்கச் சொன்னானாம், மயக்க மருந்தே இல்லாத காலத்தில். அவ்வளவு பட்டும் கால் நேராகவில்லை, ஆயுசு முழுக்க நொண்டித்தான் நடந்தார். படுக்கையில் கிடந்தபோது படிக்க வீரதீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் இருந்ததோ இயேசுவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். அதைப் படித்தவர் வாளை வைத்துவிட்டுக் கிளம்பினார். 33 வயதில் பார்சிலோனாவில் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து லத்தீன் படித்தார். அவர்தான் இஞ்ஞாசியார். 1540-இல் போப்பாண்டவர் அனுமதி கொடுத்த சேசு சபை அவர் ஆரம்பித்தது.

அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "அந்த சாமிக்கும் காலு நொண்டியா?"

போகும்போது ஃபாதர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். முதலில் இன்றைக்கு எது நல்லதாகக் கிடைத்தது, பிறகு எங்கே சறுக்கினேன், கடைசியில் நாளைக்கு என்ன செய்வேன். இது இஞ்ஞாசியார் தன் சபையாருக்கு வைத்த பழக்கம் என்று பின்னாளில்தான் தெரிந்தது. முதல் நாள் எனக்கு நல்லது எதுவும் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து "முழங்கால் கொஞ்சம் மடங்கியது" என்று எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் மறுபடி பாட்டுக்காரன் ஆகவில்லை. டீமோடு ஸ்கோரராகப் போனேன், அதே பஸ், அதே சாப்பாடு. மூன்றாம் வருட முடிவு வரைக்கும் ஃபீஸ் சலுகை நிற்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளி விவசாயி:

தம்பி, நான் ஆடினவன் இல்லை. என் மகன் ஓட்டக்காரன், நானூறு மீட்டர். ஒரு தடவை மைதானத்தில் தண்ணீர் தெளிக்கிற பெரியவரை, லைனை மிதித்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் மரியாதை இல்லாமல் பேசிவிட்டான். அடுத்த மீட்டுக்கு அவன் பெயர் இல்லை. நான் பஸ் பிடித்துப் போய் ஃபாதரிடம், "ஜெயிக்கிற பிள்ளையை உக்கார வச்சுட்டீங்களே" என்று சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, உங்க வயல்ல நாத்துப் பறிக்கிறவங்களை அவன் இப்படிப் பேசினா நீங்க என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மகன் ஒரு வாரம் காலையில் அந்தப் பெரியவரோடு சேர்ந்து தண்ணீர் பிடித்தான். இப்போது எங்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போகும்.

பூப்பந்துக்காரி, கும்பகோணம்:

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர், அதனால் அழுதேன்.

பூப்பந்து நம் தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்று சொல்வார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, ஐந்து பேர் ஒரு பக்கம். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் ஆடுவதே பெரிய விஷயம். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் எனக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். சேசு சபைக் கல்லூரி இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று வருடம் என்னை வகுப்புக்கு வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அட்டெண்டன்ஸ் தானாக வந்தது. டோர்னமெண்ட், கேம்ப், மறுபடி டோர்னமெண்ட். ஆபீஸ் ரூம் அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் நான்கு எங்கள் டீம் வாங்கியது. கடைசியில் எனக்கு ஏழு அரியர். ஃபேர்வெல்லில் பொன்னாடை போர்த்தினார்கள், டிகிரி இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். என் அப்பா அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தார், இன்றுவரை யாரும் அதை எடுக்கவில்லை.

என் கேள்வி இதுதான். உங்கள் ஃபாதர் நல்ல மனுஷர் என்பதால் நோட்டு எடுத்து வந்தாரா, இல்லை அந்தக் கல்வி முறையிலேயே அது இருக்கிறதா? நல்ல மனுஷர் எங்கேயும் இருப்பார். முறையாக இருந்தால்தான் என் மாதிரி பிள்ளைகளுக்கு உபயோகம்.

ஓய்வுபெற்ற பி.டி., மன்னார்குடி:

அம்மா, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். நான் படித்தது சேசு சபையாரிடம், வேலை பார்த்தது வேறு கல்லூரியில். இரண்டையும் பார்த்தவன்.

அவர்களிடம் 'கூரா பெர்சோனாலிஸ்' என்று ஒரு லத்தீன் சொல் உண்டு. ஒவ்வொரு மாணவனையும் முழு ஆளாக, தனித்தனியே கவனிப்பது என்று பொருள். நல்ல மனுஷர் இல்லாவிட்டால் அது சுவரில் எழுதிய சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முறையாகவே ஆக்கிக் காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் என்ற சேசு சபைப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், 1972 முதல் 1999 வரை அங்கே இருந்தார். 1984-இல் கல்லூரி அணிகளின் முதல் பிரிவில் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினார், அதை வாங்கிய முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர். அவர் அறையில் காற்றுப் போன ஒரு பந்தை வைத்திருப்பார். பந்தில் காற்று போன பிறகு உன் கையில் என்ன இருக்கும் என்று வருகிற பையன்களைக் கேட்பதற்காக. இன்னும் முக்கியமானது, மேரி ஃபென்லன் என்ற அம்மையார். முன்னாளில் கன்னியாஸ்திரீ, பிறகு ஆசிரியை. வீரர்களின் படிப்பைக் கவனிப்பது அவர் பொறுப்பு. ஆட்டம் நடக்கும்போது அவர் டீம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். படிப்பைப் பார்க்கிற ஆளுக்கு மைதானத்தில் நாற்காலி போட்டார்கள் பாருங்கள், அதைத்தான் நான் முறை என்பேன். உங்கள் மூன்று வருடத்தில் அப்படி ஒரு நாற்காலி இருந்திருந்தால் ஏழு அரியர் வந்திருக்காது.

இனி என் அனுபவம். இதை நான் பெருமையாகச் சொல்ல முடியாது.

பொங்கலுக்கு ஒரு கிராமத்தில் கபடி ஆட்டம். சுழற்கோப்பையும் ரொக்கமும் பரிசு. எங்கள் பையன்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஊர்க்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், அந்தக் காலனிப் பையனுக்கு மட்டும் இலையில கட்டிக் குடுத்துடுறோம். தோப்புல உக்காந்து சாப்பிடட்டும், பந்தியில வேண்டாம்" என்றார். நான் உடனே மறுத்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றேன். ஊர்ச் சண்டை ஆகிவிடுமோ, பையன்களை எப்படிப் பத்திரமாகக் கூட்டிப்போவது என்று மனம் கணக்குப் போட்டது. அதற்குள் கேப்டனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் என்னிடம் கேட்கவே இல்லை. பன்னிரண்டு பேரும் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

அன்றிரவு எனக்கு 1951-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் சேசு சபையார் நடத்துவது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். அந்த வருடம் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதும் வென்றார்கள். சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு வரவேண்டும். ஆலி மாட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வந்தால் அழைக்கிறோம் என்று பேச்சு வந்தது. அணி போகவில்லை. பணக் கஷ்டத்தால் கல்லூரி ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. கோப்பையும் இல்லை, அடுத்த வருடம் அணியும் இல்லை. டோலர் பின்னாளில் 1965-இல் அவர்களுடைய தொழில்முறை ஆட்டத்தின் முதல் கறுப்பின நடுவர் ஆனார்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் இந்தக் கதையைப் பையன்களுக்குச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஒருவனைத் தவிர. யாருக்காகக் கிளம்பி வந்தோமோ அவன். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "என்னை யாருமே கேக்கலையே சார்" என்றான். "நான் அந்த ஊர்லயே ஃபைனல் ஆடி, ஜெயிச்சு, அவங்க கையாலயே கப்பை வாங்கணும்னு நெனச்சேன். எனக்காக முடிவு பண்ணீங்க, என்கிட்ட பேசல."

ஒவ்வொருவனையும் தனித்தனியே கவனிப்பது என்றேனே, அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பன்னிரண்டு பேரும் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அவனைக் கேட்காமல் செய்தது தப்பு என்றும் சொல்வேன்.

நாகை கடற்கரையான்:

சார் எழுதினதுக்குப் பிறகு எழுதவே கை வரல. இருந்தாலும் சுருக்கமா சொல்றேன்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி எல்லாருக்கும் தெரியும், கலாம் ஐயா 1954-ல இயற்பியல் முடிச்ச இடம். அது 1844-ல எங்க நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு, 1883-லதான் திருச்சிக்குப் போச்சுன்னு எங்க ஊர்க்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அதை இங்க பதிஞ்சு வைக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. நான் அப்போ சேசு சபைக் கல்லூரி ஒண்ணுல வாலிபால் டீம்ல இருந்தேன். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னைமரம் நிக்கல. டீமா கிளம்பிப் போனோம். ஃபாதர் பஸ்ல ஏறினதும் சொன்னது: "ஃபோட்டோ எடுக்கிறதுக்கு ஒருத்தரும் போனை வெளிய எடுக்கக்கூடாது." மூணு நாள் சாய்ஞ்ச மரத்தை அறுத்து, பாதையை விட்டு இழுத்துப் போட்டோம். தோள்ல தோல் உரிஞ்சு ஸ்மாஷ் அடிக்க முடியாம, அடுத்து வந்த டோர்னமெண்ட்ல முதல் ரவுண்டுலயே தோத்தோம். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

1973-ல ஸ்பெயின்ல வலென்சியாங்கிற ஊர்ல, சபையோட தலைவரா இருந்த பேத்ரோ அருப்பே பழைய மாணவர்களைக் கூட்டி வச்சு, பிறருக்காக வாழுற ஆட்களை உருவாக்குறதுதான் நம்ம கல்வின்னு பேசினார். அவரு 1945-ல ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்போ அங்கேயே இருந்தவரு. மருத்துவம் படிச்சவரு, தங்கியிருந்த மடத்தையே ஆஸ்பத்திரியா மாத்தினவரு. வெறும் பேச்சா இருந்தா எனக்கு மனசுல நின்னிருக்காது.

பூப்பந்துக்காரி, கும்பகோணம்:

மன்னார்குடி சார், அந்த நாற்காலி விஷயத்தை என் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்று கேட்கலாமா? அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறார்?

ஓய்வுபெற்ற பி.டி., மன்னார்குடி:

அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறான் அம்மா. மாதம் ஒருமுறை போன் செய்வான். வெளியூர் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தால், சாப்பாடு எங்கே, எப்படி என்று அந்த ஊர்க்காரரிடம் முதலிலேயே விசாரித்துவிடுவானாம். பதில் சரியில்லை என்றால் தானாக முடிவெடுப்பதில்லை. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்லி, கடைசிப் பையன் வரைக்கும் பேசவிடுவானாம். போன தை மாதம் அப்படி ஒரு அழைப்பு வந்து, அவர்கள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது என்றான்.