சர்வே எண் தேதியாகிறது, ஊர்ப்பெயர் பொருந்தவில்லை

கேள்வி:
பாபநாசம், கும்பகோணம் வட்டங்களின் நெல் கொள்முதல் விவரம் எக்செல் தாள், எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் என மூன்றிலும் கிடக்கிறது. பைத்தான் நிரலில் ஊர்ப்பெயரை வைத்து இணைத்தால் பாதி வரிசைகள் சேரவில்லை. எக்செல்லில் 12/3 என்ற சர்வே எண் தேதியாகிவிடுகிறது. எங்கிருந்து சரிசெய்வது?

பதில் 1:
சர்வே எண்ணை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். எக்செல்லில் தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியின் (நெடுவரிசையின்) வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். தேதியான பிறகு மாற்றினால் 12/3 திரும்பாது, ஐந்திலக்க எண்தான் மிஞ்சும். மூலத் தாளைப் பார்த்துத் திரும்ப அடிப்பதே பாதுகாப்பான வழி. எஸ்கியூலைட்டில் தேதிக்குத் தனி வகை கிடையாது. உண்மையான தேதிகளை 2024-06-12 என்று ஆண்டை முதலில் வைத்து எழுத்தாக எழுதினால் கால வரிசையும் கெடாது.

பதில் 2:
ஊர்ப்பெயரில் சிக்கல் வேறு. கும்பகோணத்தின் 'கோ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் (கணினி எழுத்துக் குறியீட்டு முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தெழுதும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பு முதல் அதற்கு நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. ஆனாலும் பெயரை நம்பி இணைக்காதீர்கள், கிராமக் குறியீட்டை வைத்து இணையுங்கள்.

கேட்டவர்:
நன்றிங்க. தொகை, எடை?

பதில் 1:
தொகை பைசாவில், எடை கிராமில், இரண்டும் முழு எண்ணாக. சிப்பக் (மூட்டைக்) கணக்கைத் தனிப் பத்தியில் வையுங்கள். தசமத்தை ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) வைத்தால் கூட்டுத்தொகை பைசாக் கணக்கில் உதைக்கும். பரிமாற்றத்துக்கு சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பை விட பார்க்கே என்ற கோப்பு வடிவம் நல்லது, வகை விவரம் கோப்போடு போகும்.