புதுப்பிப்பு: ஐந்து குடியிருப்போர் சங்கங்கள் ஒரே கூட்டமைப்பான விவரம்

கேரளத்தின் சித்தூர், பாலக்காடு வட்டங்களிலுள்ள எங்கள் ஐந்து குடியிருப்போர் நலச் சங்கங்களை இணைப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எந்தச் சங்கத்தையும் கலைக்காமல், சங்கத்துக்கு இருவர் வீதம் பிரதிநிதிகளைக் கொண்டு மேலமைப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்ற யோசனையே பலித்தது. சந்தாவும் கணக்கும் அவரவரிடமே இருக்கும் என்றதும் எதிர்ப்பு பாதியாக அடங்கிவிட்டது.

எதிர்பாராத சிக்கல் பதிவில்தான் வந்தது. பாலக்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து, மடிப்புகள் கிழிந்த சான்றிதழை எடுத்து மேசையில் விரித்தபோதுதான், அவர்களுடைய சங்கம் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழும் சித்தூரிலுள்ள எங்களுடையது 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழும் பதிவானவை என்று தெரிந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் பழைய மலபார் மாவட்டம், சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம். 1956இல் இரண்டும் கேரளம் என்ற ஒரே மாநிலமான பிறகும் அந்த எல்லை எங்கள் கோப்புகளில் அழியாமல் கிடந்திருக்கிறது. கூட்டமைப்பின் அலுவலகம் சித்தூரில் என்று முடிவானதால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே பதிவு செய்தோம். குறைந்தது ஏழு பேர் கையொப்பமிட வேண்டும். நாங்கள் பத்துப் பேரும் இட்டோம். துணைவிதிகளை மலையாளத்தில் தாக்கல் செய்து, தமிழ்ப் படியைச் சங்கங்களுக்குக் கொடுத்தோம்.

சட்டத்தைவிட, பெயரில் எந்த ஊர் முதலில் வருவது என்பதற்கே இரண்டு மாலைகள் செலவாயின. கடைசியில் ஊர்ப்பெயரே இல்லாமல் வைத்துவிட்டோம்.